நிச்சயத்திற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

சிக்கிள் செல் எனும் அரிவாள் செல் ரத்தசோகை 1952ல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டறியப்பட்டது. தென்காசி, குற்றாலத்தில் இருக்கும் நமக்கு என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். இது பரம்பரை நோய், தொற்றாது. தாய், தந்தை இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்புண்டு. கேரியருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இராது. ரத்த குரூப்போ, ஹீமோகுளோபின் அளவோ பார்த்தால் தெரியாது. ஹீமோகுளோபினின் வகையைக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை வேண்டும். தலசீமியா கேரியரையும் பெரும்பாலும் அதிலேயே அறியலாம்.

மாமா மகள், மாமி மகன் என்று உறவுக்குள்ளேயே நிக்காஹ் முடிக்கும் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரே தாத்தாவின் குறைபாடு இருவரிடமும் இருக்கலாம். கல்லூரி வயதிலேயே பார்த்துவிடுங்கள். நிச்சயம் முடிந்தபின் ரிப்போர்ட் வந்தால், பழி பெண் மேல்தான் விழும். கேரியர் நோயாளி அல்ல. இக்குறைபாடுகள் இல்லாதவரை மணந்தால் பிள்ளைக்கு இந்நோய் வராது.