போர் தண்ணீரும் தெர்மோஸ்டாட் மிக்சரும்: ஒரு வரவு செலவு

தாம்பரம் 2021 நவம்பரில் 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் வட்டாரத்துக் குளியலறைகள் பலவற்றில் இன்னும் கொட்டுவது போர் தண்ணீர்தான். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே கலந்து வைத்த சூட்டிலேயே தரும் தெர்மோஸ்டாட் மிக்சர் இந்தத் தண்ணீரில் கட்டுப்படியாகுமா?

வெந்நீர் சீசன் நவம்பர் முதல் பிப்ரவரி வரை 120 நாள். விடியற்காலைத் தண்ணீர் 25 டிகிரி, கீசரில் 60, குளிக்க 39 என்று வைப்போம். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 8 லிட்டர் வெந்நீர், 12 லிட்டர் பச்சைத் தண்ணீர். ஆளுக்கு 2 பக்கெட் என்றால் நாலு பேருக்கு 160 லிட்டர். அதைச் சுட வைக்க நாளுக்கு 2.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 156 யூனிட். இலவச 100 யூனிட் இதிலேயே தீர்ந்துவிடும்.

மிக்சர் மாட்டினால் கரண்ட் மிச்சம் என்பார்கள். சூடு சரிபார்க்கும்போது வீணாகும் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். ஆளுக்கு 3 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் நாளுக்கு 12 லிட்டர், சீசனுக்கு 1,440 லிட்டர், ஏறக்குறைய 23 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் வருடத்துக்கு 115 ரூபாய். மிக்சர் விலையோ ஆயிரங்களில்.

செலவுப் பக்கம், போர் தண்ணீரின் உப்பு. உண்மையில் அது சுண்ணாம்பு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம் 10500. உங்கள் போரில் 500 என்று கொள்வோம். கீசர் வழியே நாளுக்கு வெந்நீர்ப் பங்கான 64 லிட்டர் போனால் 32 கிராம், 120 நாளில் 3.84 கிலோ. பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். 5 சதவீதம் ஒட்டினாலும் 192 கிராம். காயிலோடு நிற்காமல் மிக்சருக்குள்ளும் ஒரு பங்கு வந்து சேரும். உள்ளே சூட்டுக்கு விரியும் மெழுகுதான் வெந்நீர் வாயைத் திறந்து மூடுகிறது. அது நகரும் தூரமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அந்த இடுக்கில் வெள்ளைப் பொருக்கு உட்கார்ந்தால் கைப்பிடி இறுகும், தண்ணீர் ஒரு நிமிடம் சுடும், மறுநிமிடம் குளிரும்.

வைத்தியம் மலிவு. இரண்டு ஆங்கிள் காக்கையும் மூடி, மெழுகு உள்ள கார்ட்ரிட்ஜையும் கம்பி வலையையும் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் ஊறப் போடுங்கள். ஒரு கிராம் சுண்ணாம்புக்கு 1.3 கிராம் அமிலம் வேண்டும். நுரை அடங்கினால் எடுத்துவிடலாம். ராத்திரி முழுக்கப் போட்டால் குரோம் கெடும். ஓரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. தேங்காயெண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் உப்பிவிடும். மாட்டியபின் பச்சைத் தண்ணீர்க் காக்கை மூடிப் பாருங்கள்: வெந்நீரும் சில விநாடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். குழாய் மூடியிருக்கும்போதும் பச்சைத் தண்ணீர் லைன் சூடேறினால், பின்னோட்டம் தடுக்கும் சின்ன வால்வில் குப்பை.

உப்பைவிடப் பெரிய தொல்லை பிரஷர். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழே இருக்கும் குளியலறை ஷவருக்குக் கிடைப்பது 2 மீட்டர், அதாவது 0.2 பார். பல மிக்சர்கள் குறைந்தது 0.5 அல்லது 1 பார் கேட்கும். கீசர் சூடும் வேண்டிய சூட்டைவிட 10 டிகிரியாவது கூட இருந்தால்தான் மெழுகு வேலை செய்யும். மே மாதத்தில் டேங்க் தண்ணீரே மதியம் 40-ஐத் தொடும்போது, 39-ல் வைத்த முள்ளுக்கு என்ன மரியாதை?

ஆனால் மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் கணக்கே வேறு. வெயில் காலத்தில் அது 70 டிகிரியைத் தாண்டும், நிறுத்தத் தெர்மோஸ்டாட் கிடையாது. 60 டிகிரித் தண்ணீர் 5 விநாடியில் தோலை வேகவைக்கும். 70-ல் ஒரு விநாடி போதும். குழந்தையோ வயதானவர்களோ உள்ள சோலார் வீட்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் இந்த மிக்சர் எந்த விலைக்கும் நியாயம்.

மற்றவர்கள் வாங்குமுன் ஷவரடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்துப் பாருங்கள். நிரம்ப 4 நிமிடத்துக்கு மேல் ஆனால், அந்தப் பணத்தைப் பிரஷர் பம்புக்குப் போடுங்கள்.