கரையில் காயும் படகுகள்

லண்டனின் கிரீனிச்சில் 36 ஆண்டுகள் கரையில் நிறுத்தப்பட்டிருந்த 'ஜிப்சி மாத் 4' என்னும் பாய்மரப் படகு, 2004-ஆம் ஆண்டு ஒரு பவுனுக்குக் கைமாறியது. 65 வயதில் பிரான்சிஸ் சிசெஸ்டர் தன்னந்தனியாக, சிட்னியில் மட்டும் நின்று, 1966-67-இல் உலகைச் சுற்றிவந்த படகு அது. அத்தனை புகழ்பெற்ற படகு ஒரு பவுனுக்கு விலைபோனதற்குக் காரணம், அதை மீண்டும் மிதக்கச் செய்வதற்கு ஆகும் செலவு. சீரமைப்புக்குச் சில லட்சம் பவுன் தேவைப்பட்டது.

பழைய மரப் படகுகளின் சந்தை எங்கும் இப்படித்தான் இயங்குகிறது. ஐரோப்பிய, அமெரிக்கத் துறைமுகங்களில் அரை நூற்றாண்டு கடந்த அழகிய படகுகள் வியப்பூட்டும் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. துறைமுகக் கட்டணம், காப்பீடு, ஆண்டுதோறும் வண்ணப்பூச்சு என்று தொடரும் சுமையைத் தாங்க முடியாதவர்களே பெரும்பாலும் விற்கிறார்கள். வாங்குபவர் கொடுக்கும் விலை, அவர் செய்யப்போகும் செலவில் மிகச் சிறிய பகுதி.

மரப் படகு பழுதாகும் விதம் பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. பலகைகள், விலா எலும்புகளைப் போன்ற வங்குகளின் மீது அறையப்படுகின்றன. பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து அடைப்பதை நம் கடற்கரை மக்கள் கலப்பத்து என்பார்கள். படகு நீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பெருத்து, இடுக்குகளை இறுக மூடிக்கொள்கிறது. கரையில் நெடுநாள் நின்றால் மரம் சுருங்கி, இடுக்குகள் வாய் பிளக்கின்றன. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு நீர் உகந்ததன்று. மேல்தளத்தின் வழியே கசிந்து, காற்றோட்டமில்லாத மூலைகளில் தேங்கும் மழைநீரே அதற்கு ஏற்றது. இரும்பு ஆணிகளோ துருவேறித் தாமும் அழிந்து, சுற்றியுள்ள மரத்தையும் வலுவிழக்கச் செய்கின்றன. ஓக் மரத்தில் இயல்பாகவே உள்ள அமிலம் அந்த அரிப்பை விரைவுபடுத்துகிறது.

ஆகவே, பழைய படகை வாங்க விழைபவர் அதன் பளபளப்பில் மயங்கலாகாது. விற்பவருடன் தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி, படகைக் கரையேற்றிச் சோதிப்பதே முதற்படி. அவர் கூரிய கருவியால் மரத்தைக் குத்திப் பார்ப்பார். சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பார். ஏரா எனப்படும் அடிக்கட்டையைப் பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது. புதிதாகப் பூசிய வண்ணம், சில வேளைகளில் மறைக்க ஏதோ இருக்கிறது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம்.

சீரமைப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் படகின் உருவம் குலையாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். பழுதடைந்த வங்குகளை ஒரே நேரத்தில் பிடுங்கிவிடாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் உருவம் கோணிவிடும். கோணிய படகை நேராக்குவது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம்.

இவ்வளவு பாடுபடுவதைவிட, வரலாற்றுப் படகுகளை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். அதற்கு 'சுஹைலி' விடை சொல்கிறது. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு அது. 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் 312 நாள்கள் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவந்தார்; அவ்வாறு சுற்றிய முதல் மனிதர் அவரே. 1997-இல் அப்படகு கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பெருங்கடல்களின் சீற்றத்தைத் தாங்கிய பலகைகள், அங்கே கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் சுருங்கத் தொடங்கின. 2002-இல் அது வெளியே எடுக்கப்பட்டது. பின்னர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதைச் சீரமைத்து மீண்டும் கடலில் இறக்கினார்.

கடலிலும் ஆபத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சீரமைக்கப்பட்டு மீண்டும் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஜிப்சி மாத், 2006-இல் பசிபிக் பெருங்கடலின் ரங்கிரோவா பவளத்தீவில் தரைதட்டிப் பெருஞ்சேதமடைந்தது. நியூசிலாந்தில் பழுதுபார்க்கப்பட்ட பின் பயணத்தைத் தொடர்ந்து, 2007 மே 28 அன்று, சிசெஸ்டர் திரும்பிய நாளின் நாற்பதாம் ஆண்டு நிறைவில், பிளைமத் துறையை அடைந்தது. கடலடியில் 333 ஆண்டுகள் கிடந்து மீட்கப்பட்ட ஸ்வீடனின் 'வாசா' போன்ற கப்பல்களுக்கு அருங்காட்சியகமே புகலிடம். ஆனால், மிதக்கும் வலிமை இன்னும் எஞ்சியுள்ள படகைக் கரையில் நிறுத்துவது, பாதுகாப்பு என்ற பெயரில் அதை மெல்லக் கைவிடுவதாகும். கலப்பத்து அடிக்கும் கைகளும் வங்கு வளைக்கும் கைகளும் வேலையின்றிப் போனால், அந்தத் தொழில்நுட்பமும் உடன் மறையும்.

எனவே, பழைய படகு ஒன்றை வாங்க எண்ணுபவர் விலையைக் கேட்பதற்கு முன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆண்டில் எத்தனை நாள் அதைக் கடலில் செலுத்தவும், எத்தனை நாள் அதன் பழுதைப் பார்க்கவும் என்னால் முடியும்? அதற்கு நேர்மையான விடை இல்லாதவருக்கு ஒரு பவுன்கூட அதிக விலைதான்.