ஸ்பைஸ்ஜெட்டுக்கு 50%, இண்டிகோவுக்கு 10%: விமான நிறுவனங்களுக்கு ஒரே விதிதானா?

2022 ஜூலை: அடுத்தடுத்து தொழில்நுட்பக் கோளாறுகளில் சிக்கிய ஸ்பைஸ்ஜெட்டின் சேவையை, 8 வாரங்களுக்குப் பாதியாகக் குறைத்தது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ.

2025 டிசம்பர்: விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிக்குத் தயாராகாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. அரசு குறைத்தது 10 சதவீதம்தான். கூடவே, இரவுப் பணி விதியிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது.

ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டும் ஒரே மாதிரி தவறு இல்லைதான். ஆனா, உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இண்டிகோவில்தான் பறக்கிறார்கள். அதைப் பாதியாகக் குறைத்தால் தவிக்கப்போவது பயணிகள்தான்.

அப்போ, அதே விதியோடு விமானங்களை இயக்கிய ஆகாசா போன்ற சின்ன நிறுவனங்களுக்கு என்ன பதில்? பாதுகாப்புக்கான விதி, நிறுவனத்தின் சைஸ் பார்த்து வளையலாமா?