உங்களுக்குத் தெரியுமா? மலைநாட்டு மழலைகளுக்கு ஒரு பந்து

● ஸ்நூக்கருக்கும் ஊட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த அந்த ஆட்டத்துக்கு, 1880-களில் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் வகுக்கப்பட்டன. குறி பார்த்துப் பந்தை உருட்டுவதுதான் குழந்தை பழகும் முதல் பந்தாட்டமும்! அம்மாவும் பிள்ளையும் கால்களை அகட்டி எதிரெதிரே உட்கார்ந்து உருட்டி விளையாடினாலே, கண் பார்த்த இடத்துக்குக் கை போகப் பழகிவிடும்.

● இரண்டு வயதில் பந்தை உதைப்பது, நான்கு வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவது: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு வரவில்லையா? பதற வேண்டாம். தினமும் விளையாட விடுங்கள். தயக்கம் தீராவிட்டால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

● பந்து வரும்போது மூன்று வயதுப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது பயத்தால். முதலில் இரு கைகளையும் விறைப்பாக நீட்டும். பிறகு பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும். விரல்களால் மட்டும் பிடிப்பது கடைசியில்தான் வரும். பெரிய, மெத்தென்ற பந்தை அருகில் நின்று மெதுவாகப் போட்டால் பயம் தெளியும்.

● பந்தெறிவதிலும் படிகள் உண்டு. மோனிகா வைல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் 1938-லேயே அவற்றை வரிசைப்படுத்தினார். சின்னக் குழந்தை நின்ற இடத்திலேயே கையை மட்டும் வீசும். அடுத்து, எறியும் கைப்பக்கத்துக் காலையே முன்வைக்கும். எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறிவது அதற்கும் பிறகு. தடித்த ஸ்வெட்டர் தோளை இறுக்கினால் கை உயராது. குன்னூர்க் குளிரில் விளையாடும்போது தளர்வாகப் போட்டுவிடுங்கள்.

● சமதளம் கிடைக்காத மலையில் சரிவே கூட விளையாடும். கீழே நிற்கும் குழந்தை மேட்டை நோக்கி உருட்டினால் பந்து தானாகத் திரும்பி வரும். ஓடி வருவதை நிறுத்தப் பழக இதைவிட எளிய வழி இல்லை. குழந்தைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருக்கிறதா, பக்கத்தில் சாலையோ ஓடையோ இல்லையா என்று முதலில் பாருங்கள்.

● சங்கப் பாடல்களில் நூலால் வரிந்து கட்டிய பந்து வருகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் பந்தாடிப் பாடும் ‘கந்துகவரி’யே உண்டு. கிழிந்த சாக்ஸுக்குள் பழந்துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் நம் வீட்டுப் பந்து தயார். அது துள்ளி ஓடாது, பட்டாலும் வலிக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எஸ்டேட் லைன் வீட்டின் சின்ன அறைக்குள்ளும் ஆடலாம்.

● கோல்ஃப் பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் 44.4 மில்லிமீட்டருக்குக் குறைவான பந்து கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. ஊட்டி, வெலிங்டன் கோல்ஃப் மைதானங்களின் அருகே பொறுக்கிய பந்தையும் கோலிக்குண்டையும் மழலைகளிடம் கொடுக்காதீர்கள், தொண்டையை அடைத்துவிடும். வெடித்த பலூன் துண்டும் அதே அளவு ஆபத்து.

● மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். செல்போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

● 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் எஸ்டேட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று வகுத்தது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. அம்மா கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் பிள்ளை இருப்பது இங்கேதான். கைகால்கள் பழகவேண்டிய ஆண்டுகளும் இவையே.

● சிறுவயதில் பந்தை எறிய, பிடிக்க, உதைக்க நன்றாகப் பழகியவர்கள் பதின்வயதிலும் அதிகம் ஓடியாடுகிறார்கள் என்று 2009-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே எஸ்டேட் காப்பகங்களிலும் அங்கன்வாடிகளிலும் எடையிடும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பந்துகளும் இருக்க வேண்டும். ஆயாவோடு சேர்ந்து நான்கு துணிப்பந்து தைத்துக் கொடுக்க இந்த வார விடுமுறை போதும்.