மாடு விழுங்கிய கம்பி இதயம் வரை போவது எப்படி? கால்நடை உடற்கூறியல் சொல்லும் விளக்கம்

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பால் பாதியாக் குறைஞ்சுபோச்சு. தீனியும் எடுக்கல, அசையும் போடல.”

கால்நடை மருந்தகங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் சாதாரண அஜீரணமாகவோ காய்ச்சலாகவோ இருக்கும். இரண்டு நாள் மருந்தில் சரியாகிவிடும். சில மாடுகள் மட்டும் தேறுவதில்லை. நாளுக்கு நாள் மெலியும். கழுத்து நரம்பு கயிறு போலப் புடைக்கும். முன்னங்கால்களுக்கு நடுவே நீர் கோத்து வீங்கும். சில வாரங்களில் இறந்துபோகும். உடலின் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

அப்படி இறந்த மாட்டை அறுத்துப் பரிசோதிக்கும்போது, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ஒரு துண்டு கட்டுக்கம்பியோ தையல் ஊசியோ ஆணியோ கிடைப்பதுண்டு. வாய் வழியாக உள்ளே போன கம்பி இதயத்துக்கு எப்படிப் போனது? மாட்டின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைக்கும். மாட்டைக் காப்பாற்றும் வழியும் அதிலேயே இருக்கிறது.

கம்பியை மாடு ஏன் துப்புவதில்லை?

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் இருக்கும். அதனால் புல்லை நாக்கால் வளைத்துச் சுருட்டி, கீழ்ப் பற்களுக்கும் ஈறுக்கும் நடுவே பிடித்து இழுத்துப் பிய்க்கிறது. நாக்கின் மேல் உள்ள சொரசொரப்பான முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன எதுவும் உள்பக்கமாகவே தள்ளப்படும்.

மேயும் நேரத்தில் மாடு சரியாக மெல்லவும் மெல்லாது. அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். தவிட்டில் ஊசி கிடந்தாலும், வைக்கோலில் கம்பித் துண்டு சிக்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஆடு அப்படியில்லை. உதட்டால் துழாவி, இலை இலையாகப் பொறுக்கித் தின்னும். ஆட்டிடம் இந்தப் பிரச்சினை அபூர்வமாகவும், பசுவிலும் எருமையிலும் அதிகமாகவும் இருப்பதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

நான்கு அறைகளில் ஆபத்தான அறை எது?

மாட்டுக்கு நான்கு வயிறு என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், உண்மையில் அது நான்கு அறைகள் கொண்ட ஒரே இரைப்பை. முதல் அறை ரூமன். வளர்ந்த மாட்டில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய நொதிக்கலன். வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது ரெட்டிக்குலம். மூன்றாவது, புத்தகத்தின் ஏடுகள் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒமேசம். நான்காவது, நம் இரைப்பையைப் போல அமிலம் சுரக்கும் அபோமேசம்.

இவற்றில் மிகச் சிறியது ரெட்டிக்குலம். உட்சுவர் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்களாக இருப்பதால் ‘தேன்கூட்டு வயிறு’ என்றும் சொல்வார்கள். ரூமனுக்கு முன்னால், கீழே தாழ்ந்து அமைந்திருக்கிறது. விழுங்கப்பட்ட இலேசான தீனி ரூமனில் மிதக்கும். ஆணி, கம்பி, கல், நாணயம் போன்ற கனமான பொருட்கள் தாழ்வான ரெட்டிக்குலத்தில் போய் விழும். விழுந்தவை தேன்கூட்டுக் கட்டங்களில் சிக்கிக்கொள்ளும்.

ரெட்டிக்குலம் சும்மாவும் இருப்பதில்லை. தீனியைக் கலக்கவும், அசைபோட மேலே அனுப்பவும், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை பலமாகச் சுருங்கும். ஒரே நாளில் ஆயிரம் முறைக்கு மேல். உள்ளே கூரான கம்பி ஒன்று குறுக்கே நின்றால், ஒவ்வொரு சுருக்கமும் அதைச் சுவருக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்தும்.

நடுவில் ஒரு மெல்லிய தட்டி

ரெட்டிக்குலத்துக்கு முன்னால் இருப்பது உதரவிதானம். வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் மெல்லிய தசைத் தட்டி அது. அதற்கு அந்தப் பக்கம் இதயம். மாட்டின் இதயம் சுமார் 3-வது விலா எலும்பிலிருந்து 6-வது விலா எலும்பு வரை அமைந்திருக்கிறது. ரெட்டிக்குலம் 6-வது விலா எலும்பிலிருந்து 8-வது வரை. இரண்டுக்கும் இடையே இருப்பது சில சென்டிமீட்டர்கள் மட்டுமே.

கம்பி முன்பக்கமாகக் குத்தினால் உதரவிதானத்தைத் தாண்டி இதய உறையைத் தொட்டுவிடும். பக்கவாட்டில் திரும்பினால் கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி உண்டாக்கும். சுவருக்குள்ளேயே நின்றுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் அழற்சியோடு போகும். கம்பியின் நீளமும் அது நின்ற கோணமும்தான் மாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

நிறைசினை மாடுகளுக்கு ஆபத்து அதிகம். வளரும் கர்ப்பப்பை ரூமனை முன்னோக்கித் தள்ளும். கன்று ஈனும்போது மாடு முக்குவதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அதுவரை அசையாமல் கிடந்த கம்பி அப்போது நகர ஆரம்பிக்கலாம். ‘கன்னு போட்டதுல இருந்தே மாடு சரியில்ல’ என்று வீட்டில் சொல்லும்போது, மருத்துவர் இதையும் மனதில் வைத்தே பரிசோதிப்பார்.

பிரேதப் பரிசோதனையில் தெரிவது என்ன?

நோய் உடலில் விட்டுச்செல்லும் தடங்களைப் படிப்பது நோய்க்குறியியல். இந்த நோயில் அந்தத் தடம் மிகத் தெளிவானது. கம்பி தனியாகப் போவதில்லை. ரெட்டிக்குலத்தில் உள்ள கிருமிகளையும் கூடவே கொண்டுபோகிறது. அதைத் தடுக்க உடல் முதலில் ஃபைப்ரின் என்ற பசை போன்ற புரதத்தைச் சுரந்து, காயம் பட்ட இடத்தைச் சுற்றி ஒட்டுப்போடும். ரெட்டிக்குலமும் உதரவிதானமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒட்டைத் தாண்டிக் கிருமிகள் இதய உறைக்குள் போய்விட்டால், அங்கே சீழ் கலந்த நாற்றமடிக்கும் நீர் சேரும். இதயத்தின் மேல் தயிராடை படிந்தது போல மஞ்சள் வெள்ளையாக ஒரு படலம் மூடியிருக்கும். அதை உரித்தால் அடியில் சொரசொரப்பாக இருக்கும். நாள் ஆக ஆக உறை தடித்து இறுகி, இதயத்தை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

விரிய முடியாத இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வர முடியாது. அதனால்தான் கழுத்துச் சிரை புடைக்கிறது. தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் நீர் கோக்கிறது. கல்லீரலில் ரத்தம் தேங்கி, அதை வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காயை வெட்டியது போலக் கருஞ்சிவப்பும் வெளிர் நிறமும் மாறி மாறித் தெரியும்.

சில உடல்களில் கம்பியே கிடைக்காது. துருப்பிடித்துக் கரைந்திருக்கும், அல்லது ரெட்டிக்குலத்துக்கே திரும்பியிருக்கும். ஆனாலும் ரெட்டிக்குலத்திலிருந்து இதயம் வரை அது போன பாதை, கறுத்த வடுவாக நிற்கும்.

உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். முதல் சில நாட்கள் மிக முக்கியம்.

பால் ஒரே நாளில் சட்டென்று குறையும். தீனியும் அசையும் நிற்கும். இலேசான காய்ச்சல் இருக்கும். முதுகை வளைத்துக்கொண்டு, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கமாக அகட்டி நிற்கும். படுக்கத் தயங்கும். சரிவில் இறங்கும்போதும் சாணம் போடும்போதும் முனகும்.

மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. தோள்பட்டைக்கு மேலே முதுகுத் தோலைக் கையால் இறுக்கிப் பிடித்தால், நல்ல மாடு முதுகை உடனே கீழே தாழ்த்தும். உள்ளே கம்பி குத்தும் மாடு தாழ்த்தாது, முனகும். முதுகைத் தாழ்த்தினால் வயிற்றுக்குள் வலிக்கும் என்பது அதற்குத் தெரியும்.

நோய் இதயத்தை எட்டிவிட்டால், ஸ்டெதாஸ்கோப்பில் லப்-டப் சத்தத்துக்குப் பதிலாகக் குடத்தில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் வசதியுள்ள மருத்துவமனைகளில் கம்பியையும், சேர்ந்திருக்கும் நீரையும் பார்க்கலாம். உலோகம் காட்டும் கருவியை மட்டும் நம்ப முடியாது. வலியில்லாத மாடுகளின் வயிற்றிலும் ஏதாவது உலோகம் கிடப்பது சகஜம். அது குத்துகிறதா, சும்மா கிடக்கிறதா என்று கருவி சொல்லாது.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் இடது விலாப்பக்கத்தை மரத்துப்போகச் செய்து, மாடு நின்றபடி இருக்கவே ரூமனைத் திறப்பார்கள். மருத்துவர் கையை உள்ளே விட்டு, ரூமன் வழியாக ரெட்டிக்குலத்தைத் துழாவிக் கம்பியை எடுத்துவிடுவார். இந்தக் கட்டத்தில் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இதய உறையில் சீழ் வைத்த பிறகு பெரும்பாலான மாடுகள் பிழைப்பதில்லை.

இங்கேதான் தாமதம் உயிரைக் குடிக்கிறது. “கண்ணு பட்டுடுச்சு” என்று சுற்றிப்போட்டுக் காத்திருப்பதும், “உப்புசம்தான், நடந்தா சரியாயிடும்” என்று மாட்டை ஓட்டுவதும் வழக்கம். சாதாரண உப்புசத்துக்கு நடை நல்லதாக இருக்கலாம். கம்பி குத்தும் மாட்டுக்கு ஒவ்வோர் அடியும் கம்பியை உள்ளே தள்ளும். மருத்துவர் வரும்வரை மாட்டை அசையவிடாமல், முன்னங்கால்கள் சற்று மேட்டில் இருக்கும்படி கட்டிவைப்பது நல்லது.

காந்தம் விழுங்கும் மாடுகள்

பால் பண்ணைத் தொழில் வளர்ந்த நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஓர் எளிய வழி இருக்கிறது. விரல் நீளக் காந்தம் ஒன்றை, மாத்திரை போல மாட்டை விழுங்கவைப்பார்கள். கனமாக இருப்பதால் அதுவும் ரெட்டிக்குலத்துக்கே போய், ஆயுள் முழுக்க அங்கேயே தங்கும். பிறகு வரும் ஆணியும் கம்பியும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், சுவரில் குத்தாது. நோயை உண்டாக்கும் அதே உடலமைப்பு இங்கே பாதுகாப்பாக மாறுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. இரும்பை மட்டுமே காந்தம் பிடிக்கும். செம்புக் கம்பி, அலுமினியத் துண்டு, கண்ணாடி எதுவும் ஒட்டாது. ஏற்கெனவே சுவரைத் தாண்டிய கம்பியைத் திரும்ப இழுக்கவும் காந்தத்தால் முடியாது. பிளாஸ்டிக்கிடம் அது சுத்தமாகத் தோற்றுவிடும்.

குத்தாத எமன்

பிளாஸ்டிக் பை ரூமனில் மிதக்கும், செரிக்காது, வெளியேயும் போகாது. ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, நாளடைவில் கல் போலக் கெட்டியான உருண்டையாகும். தீனிக்கு இடமில்லாமல், வயிறு பெருத்த மாடு உள்ளுக்குள் பட்டினியில் வாடும்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவு அகற்றப்பட்டது. அறுவை சிகிச்சை ஐந்தரை மணி நேரம் நடந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் அதே ஆண்டு ஜனவரி 1 முதலே தடை இருந்தது. அந்தப் பசு தின்றது நாளடைவில் சேர்ந்த குப்பை.

மிச்ச சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டு வீசும்போது, மாட்டால் முடிச்சை அவிழ்க்க முடியாது. பையோடுதான் விழுங்கும். பாஸ்பரஸ் போன்ற தாதுச் சத்து குறைந்த மாடுகள் துணி, தோல், எலும்பு என்று கண்டதையும் கடிக்கும். தாது உப்புக் கலவையைத் தீனியில் சேர்ப்பது இந்தப் பழக்கத்தைக் குறைக்க உதவும்.

இறந்த மாட்டை ஏன் அறுக்க வேண்டும்?

“செத்த மாட்டை அறுத்து என்ன ஆகப்போகுது?” என்பது பல வீடுகளில் எழும் கேள்வி. காப்பீட்டுத் தொகைக்கு அந்தச் சான்று தேவைப்படும். அதைவிட முக்கியம், தொழுவத்தில் மிச்சம் இருக்கும் மாடுகள். இறப்புக்குக் காரணம் கம்பி என்று தெரிந்தால், அதே வைக்கோற்போரைத் தின்னும் மற்ற மாடுகளைக் காப்பாற்றலாம். தொற்றுநோய் என்றால் தடுப்பூசி போடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுத்த ரத்தம் வழிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது. அறுத்தால் கிருமி காற்று பட்டு விதை போன்ற வடிவம் எடுத்து, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். தோலையும் உரிக்கக் கூடாது. கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும்படி அடக்கம் செய்ய வேண்டும்.

மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

* வீடு கட்டும் வேலை நடந்த இடத்தில் சிதறிய கட்டுக்கம்பி, ஆணிகளைப் பொறுக்கிய பிறகே மாட்டை அங்கே கட்டவும்.
* தையல் ஊசி, குண்டூசி, பிளேடு ஆகியவை தவிட்டுத் தொட்டி, கழனிப் பானை பக்கம் வரக் கூடாது.
* தீவன மூட்டையைப் பிரிக்கும் கம்பியையும் பழைய டயர்க் கம்பியையும் உடனே அப்புறப்படுத்தவும்.
* தவிடு, தட்டை வெட்டும் இடத்தில் ஒரு காந்தத் துண்டை ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.
* பால் திடீரெனக் குறைந்து, முதுகை வளைத்து முனகினால் அன்றைக்கே மருத்துவரை அழைக்கவும். தமிழகத்தில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் 1962.
* வயிற்றுக் காந்தம் தங்கள் மாட்டுக்குத் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.
* மாடு இல்லாத வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு: மிச்ச சோற்றைப் பையில் கட்டி வீசாமல், பையைத் தனியாகப் பிரித்துப் போடவும்.