சிறுநாட்டின் வான்படையும் பொருள்வலியும்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் என வழங்கும் மேட்டுநிலத்துக்கு மேற்கே, உட்டுறைமுக நீர்ப்பரப்பின் மறுகரையில், சீனக்குடா விமானத்தளம் அமைந்துள்ளது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் இத்தளத்திலிருந்தே எழுந்து எதிர்த்தன. 1957இல் திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். தளம் கைக்கு வந்தது. ஆயின் தளத்துக்கேற்ற விமானங்களைக் கொள்ளுதற்கும் பேணுதற்கும் பொருள் வேண்டும். அன்று எழுந்த இவ்வினா இன்றுந் தீர்ந்திலது.

அரசின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர், படையோடு பொருளையும் நட்பையும் ஒருங்கு வைத்து எண்ணினார். வலியறிதல் என்னும் அதிகாரத்திற் பகைவர் வலியை மட்டுமன்றித் தன் வலியையும் அளந்தறிதல் வேண்டுமென வற்புறுத்தினார். படைக்கலன் கொள்ளும் சிறுநாடொன்றுக்கு இதனினும் பொருத்தமான அறிவுரை பிறிதில்லை எனலாம்.

இலங்கை வான்படை 1951 மார்ச் 2ஆம் நாள் தோன்றியது. 1959இல் ஜெற் புறவோஸ்ற் என்னும் பிரித்தானியப் பயிற்சி விமானங்கள் வந்தன. 1971இல் இளைஞர் கிளர்ச்சி மூண்டபோது சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்களை அளித்தது. அடுத்துவந்த ஆண்டுகளில், செலவுக்குப் போதிய பணமின்மையால், வான்படையே உல்லாசப் பயணிகளை ஏற்றிச்சென்று வருவாய் தேட நேர்ந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிலைமை மாறியது. 1991இற் சீனாவின் எஃப்-7, 1993இல் ஆர்ஜென்டீனாவின் புக்காரா, 1996இல் இஸ்ரேலின் கிஃபீர், 2000இல் உக்ரெயினிலிருந்து மிக்-27 என விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

இவ்வரிசையில் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு கொள்வனவும் அவ்வக்கால நெருக்கடிக்கு விடையாக அமைந்ததேயன்றி, நீண்டகாலத் திட்டத்தின் படியாக அமைந்திலது. நாடு பலவாயின் உதிரிப்பாகங்களும் பலவாம். கருவிகளும் பயிற்சியும் கைந்நூல்களும் வெவ்வேறாம். நான்கு விமானங்கட்கு ஒரு களஞ்சியம், ஆறு விமானங்கட்கு மற்றொரு களஞ்சியம் என வைத்துப் பேணுதல் பெருஞ்செலவாகும். விமானத்தின் விலை முதற்செலவு மட்டுமே. எரிபொருள், எஞ்சின் புதுக்கல், விமானியின் பறப்பு மணிநேரம், படைக்கலம் ஆகியன ஆண்டுதோறுந் தொடருஞ் செலவுகள். பறவாது நிற்கும் விமானம் பாதுகாப்புத் தராது. பயிற்சி குன்றிய விமானியோ தன்னுயிர்க்கே இடர் தேடுவான்.

குறைந்த பொருளுடைய நாடுகள் இதற்கு வெவ்வேறு வழிகளைக் கண்டுள்ளன. சிங்கப்பூர் பழைய ஸ்கைஹோக் விமானங்களை வாங்கி, 1980களிற் புதிய எஞ்சின் பொருத்தி, நெடுங்காலம் பயன்கொண்டது. நியூசிலாந்தோ 2001இற் போர்விமானப் பிரிவையே கலைக்கத் துணிந்தது. இந்தியா 1963 முதற் பயன்படுத்திய மிக்-21 வகையைப் புதுக்கிப் புதுக்கிப் பேணி, 2025 செப்டெம்பரிலேயே முற்றாக ஓய்வளித்தது. புதுக்குதலால் ராடாரும் தொடர்புக் கருவியும் இளமை பெறும். உடற்கட்டின் உலோகம் இளமை பெறாது. ஆதலின் எஞ்சியுள்ள பறப்பு மணிநேரத்தைக் கணக்கிட்ட பின்னரே புதுக்குதற்குப் பணம் ஒதுக்குதல் தகும்.

இலங்கையும் இவ்வழியையே நாடிற்று. ஐந்து கிஃபீர் விமானங்களைப் புதுக்குதற்கு 2021இல் இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஏறக்குறைய 5 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான உடன்படிக்கை செய்யப்பட்டது. ராடாரும் உணர்கருவிகளும் மாற்றப்படுதலோடு, தொழில்நுட்ப அறிவு உள்நாட்டார்க்குக் கிடைத்தலும் அதன் நோக்கமாயிற்று. புதிய போர்விமானம் ஒன்றே இத்தொகையை விழுங்கிவிடக்கூடும் என்பதை நோக்கின் இது சிக்கனமே. ஆயினும் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் அல்லலுற்ற ஆண்டு அது. ஐந்து விமானங்களுக்கான டொலரும் அதே களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும் என்பது அப்போது யாவர்க்கும் விளங்கியது.

எனவே, எவ்விமானம் வாங்குவது என்பதற்கு முன்னர், எதற்காக வாங்குவது என்ற வினா எழுதல் வேண்டும். போர்க்காலத்தில் இப்படையின் குண்டுகள் விழுந்தது இந்நாட்டு மண்ணிலேயாம். 1995 யூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டனர். படைவலியைக் கணக்கிடுவோர் இவ்விழப்பையும் கணக்கில் வைத்தல் கடன். இன்று அப்போர் ஓய்ந்தது. நிலப்பரப்பினும் பன்மடங்கு விரிந்த கடற்பரப்பு இத்தீவின் பொறுப்பில் உள்ளது. அத்துமீறிய மீன்பிடி, போதைப்பொருட் கடத்தல், கடலிடை விபத்து ஆகியனவே அங்கு நாளும் எதிர்ப்படுவன. இவற்றைக் காண வேண்டுவது மிகுவேகமன்று. நெடுநேரம் பறக்கும் ஆற்றலும் கூரிய உணர்கருவியுமே. 2022இல் இந்தியா அளித்த டோர்னியரும், 2024இல் அமெரிக்கா அளித்த கிங் எயாரும் இத்தேவைக்குரியன.

போர்விமானம் சிலவற்றை வைத்திருத்தல் வான்பரப்பின் உரிமையைக் காத்தற்கும், விமானிகளின் திறன் அற்றுப்போகாமைக்கும் வேண்டப்படலாம். ஆயின் சிலவற்றை ஒரே வகையாகத் தெரிந்து, நன்கு பேணி, எஞ்சிய பொருளைக் கடற்காவலுக்கு ஈதலே தன்வலி அறிந்த செயலாகும். திருகோணமலை மீனவன் கடலில் வழிதவறுங்கால் அவனைத் தேடி எழும் விமானமே அவனுக்கு நாட்டின் வான்படையாம்.