தண்டர் அணியை மாற்றிய தோல்விகள்

2016 மே 28. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி சொந்த அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே, அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் தண்டர் 3-1 என முன்னிலை பெற்று, ஐந்தாவதில் தோற்றிருந்தது. இன்னொரு வெற்றி கிடைத்தால் இறுதிச்சுற்று. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோதும் ஏழு புள்ளிகள் முன்னே நின்றது. அங்கிருந்துதான் எல்லாம் நழுவியது. வாரியர்ஸின் கிளே தாம்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் 11 முறை பந்தைக் கூடைக்குள் போட்டு, மொத்தம் 41 புள்ளிகள் எடுத்தார். தண்டர் 108-101 எனத் தோற்றது. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் கைவிட்டுப் போனது.

ஜூலை 4 அன்று, தண்டரின் முதன்மை நட்சத்திரம் கெவின் டுரான்ட், தன் அணியை வீழ்த்திய அதே வாரியர்ஸில் சேர்வதாக அறிவித்தார். அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை வாரியர்ஸுக்கே.

ரசிகர்கள் இதைத் துரோகம் என்றார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஐபிஎல் ஏலத்தில் அணிகளின் செலவுக்கு வரம்பு இருப்பதுபோல, என்பிஏ அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்ததால் அந்த ஆண்டு அது 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரே தாவலில் உயர்ந்தது. நட்சத்திரங்கள் நிறைந்த வாரியர்ஸிலும் இன்னொரு நட்சத்திரத்துக்கு இடம் உண்டானது. டுரான்டின் ஒப்பந்தமும் சரியாக அப்போதுதான் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வெளியேறினால் பழைய அணிக்குப் பதிலாக எதுவும் கிடைக்காது. தண்டர் வெறுங்கையோடு நின்றது.

ஆனால் அந்த அணிக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது என்பேன். 2012 இறுதிச்சுற்றில் மயாமி ஹீட்டிடம் 4-1 என்று தோற்றபோது டுரான்டுக்கும் ரஸல் வெஸ்ட்புரூக்குக்கும் வயது 23, ஜேம்ஸ் ஹார்டனுக்கு 22. அந்தத் தோல்வியில் வருந்த எதுவுமில்லை. இன்னும் பத்து ஆண்டுகள் அவர்கள் முன்னே இருந்தன. அக்டோபரில் ஹார்டனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சு, சில மில்லியன் டாலர் இடைவெளியில் முறிந்தது. சம்பளம் வரம்பை மீறினால் கட்டவேண்டிய கூடுதல் வரி, சிறிய நகர அணிக்குப் பெரிய அச்சம். சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் டுரான்ட் 2014-லும், வெஸ்ட்புரூக் 2017-லும், ஹார்டன் 2018-லும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்கள். அத்தகைய மூவரை ஒருசேர வைத்திருந்த அணி, அவர்களோடு ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடவில்லை.

2019-ல் அடுத்த அடி விழுந்தது. போர்ட்லாந்துடன் முதல் சுற்றின் ஐந்தாவது ஆட்டம், 115-115 எனச் சமநிலை. கடைசி நொடியில் போர்ட்லாந்தின் டேமியன் லில்லார்ட் 37 அடி தூரத்திலிருந்து, எதிரே நின்ற தண்டர் நட்சத்திரம் பால் ஜார்ஜின் கைக்கு மேலாக எறிந்த பந்து உள்ளே விழுந்தது. தொடரும் முடிந்தது. அந்தக் கோடையில், தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி ஜார்ஜ் கேட்டார்.

இந்தமுறை நிலைமை வேறு. ஜார்ஜின் ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மீதமிருந்தன. லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கோ அவர் கட்டாயம் தேவை. அவர் வந்தால்தான் இன்னொரு நட்சத்திரமான காவை லெனார்டும் அங்கே சேர்வார். பேரத்தில் மேல்கை தண்டருக்கு. ஒரே ஒரு சீசன் ஆடி முடித்திருந்த, 21 வயது நிரம்பாத ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ காலினாரி, இவர்களோடு புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து முதல்சுற்று வாய்ப்புகள் என வாரி எடுத்துக்கொண்டது. வெஸ்ட்புரூக்கும் அதே கோடையில் ஹூஸ்டனுக்குப் போனார். பிறகு 22 வெற்றி, 24 வெற்றி என்று தேறாத இரண்டு சீசன்கள். 2022-ல் கிளிப்பர்ஸ் தந்த வாய்ப்பில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார்.

மீண்டெழுந்த அணி 2024-ல் டாலஸிடம் தொடரை இழந்தபோது குறை தெளிவாகத் தெரிந்தது. உடனே தற்காப்புக்கு அலெக்ஸ் கரூசோவையும், ரீபவுண்ட் பந்துகளைப் பிடிக்க ஐசையா ஹார்டன்ஸ்டைனையும் சேர்த்தார்கள். அடுத்த சீசனில் 68 வெற்றிகள். 2025 இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் வில்லியம்ஸ் 40 புள்ளிகள் எடுத்தார். ஜூன் 22 அன்று ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவை 103-91 என வென்று, ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தபின் தன் முதல் கோப்பையைத் தண்டர் வென்றது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர்தான் அந்த ஆண்டின் சிறந்த வீரர், இறுதிச்சுற்றின் சிறந்த வீரரும் அவரே.

இந்த அணியைக் கட்டியவர் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி. 2012-ல் ஹார்டனை அனுப்பியவரும் அவர்தான். இடையில் இத்தனை தோல்விகள் வந்தும் உரிமையாளர்கள் அவரை மாற்றவில்லை.